தளம் பளபளத்த நாள்

முதல் ஆண்டு, சேவியர்துரை ஈரம் காயாமலே தன் பாய்மரப் படகின் மரத்தளத்துக்குப் பெயின்ட் அடித்தார். இரண்டாம் ஆண்டு, உப்பைக் கழுவாமல் அடித்தார். மூன்றாம் ஆண்டு, அழுகிய இடத்தில் பட்டிப் பசையை அப்பி அதன்மேல் அடித்தார். நான்காம் ஆண்டும் ஆள் வைக்காமல் தானே டப்பாவோடு ஏறினார்.

தளத்தின் நடுப்பலகை பிரஷைக் கூப்பிட்டது. "தம்பி, உன் காம்பும் மரம்தானே? இந்தத் தடவையும் என்னைச் சுரண்டாமல் மூடினால் உடைந்துபோவேன். நீயாவது மாட்டேன் என்று சொல்."

"நான் முதலாளி கையில் இருக்கிறேன், அண்ணாச்சி. உங்கள் அழுகலுக்காக அவர் கையில் கிடைத்த இடத்தை விடவா?" என்றது பிரஷ்.

பெயின்ட் டப்பா குலுங்கிச் சிரித்தது. "என் பூச்சு விழுந்தபின் எந்த அழுகல் வெளியே தெரியும்? பத்தாண்டு உத்தரவாதம் பெரியவரே, பேசாமல் படுங்கள்!"

மரத்தைச் சுரண்டித் தேய்க்கும் உப்புத்தாள் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது.

பெயின்ட் காய்ந்ததும் துரை விருந்தினரை அழைத்தார். பளபளப்பைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பெருமையோடு நடுவில் கால் வைத்தார். பலகை முறிந்தது, முழங்கால்வரை உள்ளே போனார்.

கைதட்டல் நின்றது. துரை அப்படியே நின்றபடி, பக்கத்தில் இருந்த பெயின்ட் டப்பாவை எட்டி எடுத்து உயர்த்தினார்.

"எல்லோரும் சாட்சி! என்னை ஏமாற்றியவன் இவன்தான்!" என்று கத்திவிட்டு, டப்பாவில் இருந்த பெயின்ட்டின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்: "வை-ர-க்-க-வ-ச-ம்!"