சின்ன மாப்பிள்ளை உபயம்

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்பிள்ளே. சின்ன மாப்பிள்ளை பண்ணின வெப்சைட் என் போன்ல திறக்குது. உங்களுது திறக்கல."

மாமனார் இதைக் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னார். பெரிய மாப்பிள்ளைக்குத் தொண்டை வரை போன காப்பி, வந்த வழியே திரும்பலாமா என்று யோசித்தது.

பதினான்கு வருஷமாக வெப்சைட் செய்து சோறு தின்கிறவன் அவன். அவன் சகலையோ நாய் டாக்டர். நாய்க்கு ஊசி போடுகிறவன் பிரௌசருக்கும் ஊசி போட்டு எழுப்பிவிட்டான் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. அந்தச் சூட்டில் இரண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம்.

மாமனாருக்குப் பூட்டுக்கடை. கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். போன வாரம் பெரியவன் லீவு போட்டு, இதே வீட்டில் லேப்டாப்பை விரித்து, மூன்று நாள் முதுகு ஒடிய உழைத்தான். லேப்டாப்பில் பக்கம் ராஜா மாதிரி நின்றது. மாமனாரின் போனில் திறந்தால், குடித்துவிட்டு வீடு திரும்பியவன் மாதிரி விழுந்து கிடந்தது. பூட்டின் படத்துமேல் விலை ஏறி உட்கார்ந்தது. பொத்தான் பாதி திரைக்கு வெளியே போய் நின்றது. அதை இழுத்துப் பிடித்தால் பக்கம் முழுக்க வெள்ளை. போனோடு கூடப் பிறந்த பிரௌசர் அது. அது படித்தது நாலாங்கிளாஸ். இவன் எழுதியது பட்டப்படிப்பு.

"வேற பிரௌசர் போட்டுக்கலாம் மாமா" என்று அப்போதே சொல்லிப் பார்த்தான்.

"என் கடைக்கு வர்றவங்க எல்லாம் இந்த மாதிரி போன்தான் வெச்சிருக்காங்க மாப்பிள்ளே. பூட்டுக்கு ஏத்த சாவி செய்யறதுதான் தொழில். என் சாவிக்கு ஏத்த பூட்டா வாங்கிட்டு வான்னு சொல்லலாமா?"

அன்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போனவன், இந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப வந்திருந்தான். வந்ததும் வராததுமாக இந்தச் செய்தி.

"நாளைக்கு விசிட்டிங் கார்டு அச்சுக்குப் போகுது" என்றார் மாமனார். "கீழே ஒரு வரி போடச் சொல்லியிருக்கேன். 'வெப்சைட் உபயம்: சின்ன மாப்பிள்ளை.' ஐந்நூறு கார்டு."

ஐந்நூறு கார்டு! ஊரெல்லாம் போகும். அவன் ஆபீசுக்கும் ஒன்று வந்து சேரும். அங்கே அவன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

சகலை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான்.

"எப்படிப்பா பண்ணினே?" என்றான் பெரியவன், சிரிப்பது போல.

"அட, நீங்க வேறண்ணே. எல்லாம் உங்க உழைப்பு. நான் பண்ணினது ஒரு விநாடி வேலை."

அடக்கமாம்! பெரியவனுக்கு அவனையே அடக்கம் பண்ணிவிடலாம் போல இருந்தது.

"பார்க்கறீங்களா?" என்று மாமனார் போனை நீட்டினார்.

"அப்புறம் பார்த்துக்கறேன் மாமா, கண்ணு வலிக்குது." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாமனார் விடுவதாக இல்லை. "ரெண்டு விரலை வெச்சு இழுத்தா எழுத்தெல்லாம் எவ்வளவு பெருசாகுது தெரியுமா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. நேத்து லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். சிக்னலே இல்ல. அங்கயும் டக்குனு வந்துச்சு!"

"நெட் இல்லாமலா?"

"நெட் இல்லாம!"

பெரியவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நெட் இல்லாமல் ஒரு பக்கத்தைத் திறக்கவைக்க, அவன் ஆபீசில் ஐந்து பேர் எட்டு மாதம் தலையால் தண்ணீர் குடித்தார்கள்.

மனைவி காதருகே குனிந்தாள். "ஏங்க, அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து, காப்பி வர்றதுக்குள்ள முடிச்சுட்டாராமே. நீங்க எதுக்கு மூணு நாள் லீவு போட்டீங்க?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். என் தங்கச்சி சும்மா இருக்கணுமே."

உள்ளே தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். மாமனாரின் போன் மட்டும் மேசைமேல், அந்த வெப்சைட் பக்கம் திறந்தபடியே கிடந்தது.

பெரியவன் வாசலைப் பார்த்தான். போனை எடுத்தான்.

அதே நீலம். அதே பெரிய பித்தளைப் பூட்டு. ஓர் எழுத்து மாறாமல் அவன் செய்த பக்கம்!

'திருட்டுப் பயலே! பூட்டுக்கடையிலேயே திருட்டா?'

ஆனால் கோபத்தைவிடப் பொறாமைதான் முந்தியது. இவன் கையில் விழுந்து விழுந்து புரண்ட அதே பக்கம், அந்த நாய் டாக்டர் சொன்னதும் வாலைக்கூட ஆட்டாமல் நிற்கிறதே! என்ன மந்திரம் போட்டான்?

'ஆர்டர் செய்க' பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. மறுபடி அழுத்தினான். ம்ஹூம். அப்பாடா, ஒரு குறை கிடைத்தது! வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர் விழுந்த மாதிரி இருந்தது. வேறென்ன குறை இருக்கிறது பார்ப்போம் என்று விரலை வைத்துப் பக்கத்தை ஒருபுறமாகத் தள்ளினான்.

அடுத்த போட்டோ வந்தது. அதில் லேப்டாப் திறந்திருந்தது, திரையில் அதே பித்தளைப் பூட்டு; அதன் முன்னால், மேசைமேல் கன்னத்தை வைத்து, வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான் பெரிய மாப்பிள்ளை.