ஆறு மணி நேரம் குறையுது

"நாலு மணி நேரம் வேலை பார்த்தான், மூணுன்னு எழுதுறீங்களேக்கா?" என்றார் இஸ்திரிக்காரர், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"நின்னு மூச்சு வாங்கினதெல்லாம் வேலையில சேராது" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. கையெழுத்தையும் போட்டாள்.

அது ஆஸ்பத்திரியின் சலவைக் கூடம். 'அவன்' என்பது புல்லட். கால்பந்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர் போதும். குடித்துவிட்டுக் கார் ஓட்டி, சைக்கிளில் போனவரின் காலை உடைத்தவன். ஜெயில் கிடையாது. ஆறு மாதத்துக்குள் இருநூறு மணி நேரம் ஆஸ்பத்திரித் துணி துவைக்க வேண்டும். முடிக்காவிட்டால்தான் ஒரு வருடம் உள்ளே. முடித்தானா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு.

வேறு யாரிடமாவது மாட்டியிருக்கலாம், பாவம்.

அக்காவின் தம்பியும் அதே மாதம், அதே நீதிபதி முன்னால் நின்றவன். அவனும் குடித்திருந்தான். ஓட்டியது வேன். அவன் இடித்ததிலும் ஒருவருக்குக் கால்தான் உடைந்தது. இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள்.

"புல்லட்டுக்கு ஜட்ஜ் என்ன சொன்னாரு? 'விளையாட்டு வீரர், அவர் தொழில் பாழாகிடக் கூடாது.' என் தம்பிக்கு என்ன சொன்னாரு? 'ஓட்டுறதையே தொழிலா வெச்சிருக்கிறவர் இப்படிச் செய்யலாமா?' தொழில் ஒருத்தனைக் காப்பாத்துச்சு, ஒருத்தனைக் கவுத்துடுச்சு. இது என்னங்க நியாயம்?"

இதை அவள் கேட்காத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. புல்லட் வந்த முதல் நாளே அவன் முகத்துக்கு நேராகவும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ரத்தக்கறை பட்ட விரிப்புகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து நாலு மணி மூணு மணி ஆகிவிட்டது. தாளில் அவனும்தான் கையெழுத்துப் போடுகிறான், கண்ணில் படாமல் இருக்காது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்தவன் மூன்று நாள் வர ஆரம்பித்தான். சண்டைக்கு வந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தம்பியைப் போய்ப் பார்த்தீங்களாக்கா?" என்று எப்போதாவது விசாரிப்பார் இஸ்திரிக்காரர்.

"எங்கே! லீவே கிடைக்கலை" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு லீவுதான். அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனைக் கைதி உடையில் பார்க்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. ஞாயிறு முழுக்க டி.வி.யைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டுமே என்றுதான்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்கள் காலையில் தாள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

அக்கா கூட்டிப் பார்த்தாள். "நூத்தித் தொண்ணூத்தி நாலு. ஆறு மணி நேரம் குறையுது."

புல்லட் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

இந்த நேரத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள். பார்த்தாள். இளைத்துப்போயிருந்தான். கிளப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டதாகப் பேப்பரில் வந்திருந்தது. ஆரம்பத்தில் கூடத்து வாசலில் போட்டோ எடுக்க நின்ற கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னவோபோல் ஆகிவிட்டது.

"சரி, நாளைக்கு ஞாயித்துக்கிழமையும் மெஷின் ஓடும். வந்து ஆறு மணி நேரம் பார்த்துட்டுப் போ. ஆறுன்னே எழுதுறேன்" என்றாள்.

"நாளைக்கு முடியாதுக்கா."

"என்னது?"

"வேற எந்த நாளா இருந்தாலும் வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் முடியாது."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு வருஷம் ஜெயில்டா! விளையாட்டா இருக்கா உனக்கு? எவனாவது பெரிய ஆளு ஒரு போன் போட்டுக் காப்பாத்திடுவான்னு நினைப்பா?"

"எனக்கு இப்பல்லாம் யாரும் போன் பண்றதே இல்லக்கா."

"அப்புறம் நாளைக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை?"

அவன் தயங்கினான். "ஜெயில்ல ஒருத்தரைப் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் விடுவாங்க, அதுவும் ஒரே ஒரு ஆளைத்தான். அவரைப் பார்க்க வேற யாரும் வர்றதில்லை. நான் போகலைன்னா வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்பாரு."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "யாரது?"

"நீங்க முதல் நாள் என்னைக் கேட்டீங்களே, அதை அவரே நேர்ல கேட்கட்டும்னுதான் போனேன். நாலு திட்டு வாங்கினா மனசு லேசாகும்னு பார்த்தேன். அவரு திட்டலை. 'எங்க அக்கா நேரத்துக்குச் சாப்பிடுறாளா?'ன்னு கேட்டாரு. ஒவ்வொரு வாரமும் அதைத்தான் முதல்ல கேட்கிறாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு."

அக்கா அழுக்குத் துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புல்லட் அவளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்:

"நாளைக்கு நீங்க போறதா இருந்தா சொல்லுங்கக்கா, நான் இங்கே வந்துடுறேன்."