ஏத்திக் கேளுடா, எர்ல்

யாராவது ஏத்திக் கேளுங்களேன் என்று வெர்னான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஏலம் முடிய ஏழு நிமிடம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர், அவர் பெயரில் நிற்கிறது. கேட்டது கேட்டதுதான், வாபஸ் கிடையாது.

பொருள் என்னவோ உள்ளங்கை அகல அட்டை. 1953இல் சூயிங்கம்மோடு கொடுத்தது. ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போன பேஸ்பால்காரன் ஒருவனின் படம். அந்த வருடத்து வரிசையில் வெர்னானிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

மத்தியானம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தார். சத்தியமாகச் சும்மாதான். வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் விரல் அழுத்திவிட்டது.

அந்தப் பணம் மனைவி டாரிஸின் காது மெஷினுக்கு. எட்டு மாதமாகச் சேர்த்தது. செவ்வாய்க்கிழமை டாக்டர் வரச்சொல்லியிருக்கிறார். பக்கத்து அறையில் அவள் வைத்திருக்கும் டிவி டோலிடோ நகரத்துக்கே கேட்கும். அவளுக்குத்தான் பாதி கேட்காது.

வெர்னான் தன் சிநேகிதன் எர்லுக்கு போன் போட்டார். எர்லும் அட்டைப் பைத்தியம்தான், ஆனால் பெண்டாட்டி இல்லாத பைத்தியம்.

"எர்ல், உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என்னைத் தாண்டி ஏத்திக் கேளுடா. நீயே வச்சுக்கோ."

"அட கிறுக்கா! சரி, கேக்கறேன். ஆனா கடைசி பத்து செகண்ட்லதான்."

அது இந்தக் கூட்டத்தின் பழக்கம். முன்னாலேயே கேட்டால் நாலு பேர் மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுவார்கள். பதுங்கிக் கிடந்து கடைசியில்தான் பாய வேண்டும். அதில் வெர்னானை மிஞ்ச ஒஹையோவிலேயே ஆள் கிடையாது.

ஒரு நிமிடம். முப்பது வினாடி. பதினைந்து. எர்ல் தூங்கிவிட்டானோ? பாவி, தூங்கிவிட்டானோ?

ஒன்பது வினாடி பாக்கி இருக்கும்போது திரை சிவந்தது. 'உங்களை ஒருவர் முந்திவிட்டார்.'

அப்பாடா! வெர்னானுக்கு உயிர் திரும்பி வந்தது. அழுகையே வந்துவிட்டது மனுஷனுக்கு.

ஏலம் முடிந்தது. போன் அடித்தது.

"தப்பிச்சடா நீ!" என்று எர்ல் சிரித்தான். "கடைசி மூணு செகண்ட்ல எவனோ ஒரு லூசு என்னையும் தாண்டி ரெண்டாயிரத்துக்கு அடிச்சுட்டான். எவன் வீட்ல இன்னைக்குக் கச்சேரியோ!"

 வெர்னானின் விரல் இன்னும் மவுஸை அழுத்தியபடியே இருந்தது. திரையில் பச்சை எழுத்தில் அவர் பெயரைப் போட்டு வாழ்த்தியிருந்தார்கள்.

வாசலில் டாரிஸ் வந்து நின்றாள். "யாரு வெர்ன், போன்ல?"

போனை வைத்துவிட்டு அவர் சொன்னார். "உன் மெஷின் காசு போச்சு, டாரிஸ். நான்தான் தொலைச்சேன்."

கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாம். எப்போதும் அவளிடம் கத்தித்தான் பேசுவார்.

டாரிஸ் அவர் உதட்டையே பார்த்தாள். பிறகு, எல்லாம் கேட்டுவிட்டவள் போலச் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள்.