பேராபத்துக்கு ஒரு டம்ளர் டீ

தண்ணீரில் சாக்கடை கலக்கிறதென்று பிலோமினா வீட்டு ஸ்மார்ட் குழாயே தினமும் புகார் அனுப்பியது. குடிநீர் அலுவலகத்தில் புகார்களை வடிகட்டும் கணினியோ, 'பேராபத்து' ரகப் புகாரை மட்டுமே அதிகாரியின் திரையில் காட்டும். யாரும் சாகாதவரை மற்றதெல்லாம் வெறும் 'தகவல்'.

பிலோமினா ஃபிளாஸ்கோடு நேரிலேயே போய் நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் வரலியேம்மா,” என்றார் அதிகாரி, அவள் ஊற்றிக்கொடுத்த டீயை உறிஞ்சியபடி.

“டீ எப்படி சார்?”

“ஒரு மாதிரி வாசனையா இருக்கே. மசாலாவா?”

“எங்க மாதா கோயில் தெருக் குழாய்த் தண்ணி சார்.”

அவர் நாடியையும் பேச்சையும் கவனிக்கும் மணிக்கட்டுப் பட்டை அலறியது. திரை சிவந்தது: 'பேராபத்து! அதிகாரியின் நாடி எகிறுகிறது. காரணம்: மாதா கோயில் தெருக் குழாய்த் தண்ணீர்.'

“இப்ப வந்துடுச்சு பாருங்க.” பிலோமினா ஃபிளாஸ்கை மூடினாள். “இன்னும் ஒரு டம்ளர் இருக்கு. உங்க மேலதிகாரி ரூம் எது சார்?”