ஜனாதிபதியின் கருவளையம்

“உள்ளுக்கு ஆரார் நிக்கினம்?”

“ஜனாதிபதி, அவற்ர ரெண்டு மெய்க்காவலர், நான், இப்ப நீங்கள். அஞ்சே பேர். வெளியில மூச்சு விடக் கூடாது, அக்கா.”

ஹோட்டலின் ஐந்தாம் மாடிக்குப் பொறுப்பாளரான தியாகலிங்கம் கதவைத் திறந்துவிட்டார். இந்திராதேவி ஒப்பனைப் பெட்டியோடு உள்ளே போனாள். மொன்றியலில் தமிழ்க் கல்யாணம் என்றால் மணப்பெண்ணின் முகம் அவள் கையில்தான். ஒரு நாட்டுத் தலைவருக்காக அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையை மட்டும் அசைத்தார்.

சலோராத் தீவின் ஜனாதிபதி ஆறு வருடங்களுக்கு முன்புவரை தொலைக்காட்சியில் கோமாளி. சனம் சிரித்துச் சிரித்தே வாக்குப் போட்டது. பக்கத்து நாடு படையெடுத்தபோது மனிதர் அசையவில்லை. எட்டு மாதம் தலைநகரை விட்டு நகராமல் நின்றார். ஆயுத உதவி கேட்டு மூன்று நாள் கனடா வந்ததுதான் வினையாயிற்று. அவர் திரும்பி ஏறும் விமானத்தைச் சுட்டு விழுத்துவோம் என்று எதிரி அறிவித்துவிட்டான். அவர் இங்கேயே அகதியாகத் தங்கப் போகிறார் என்று காலையிலிருந்து செய்தி. அவர் போகாவிட்டால் அங்கே படை ஆயுதத்தைக் கீழே வைத்துவிடும். நாடு முடிந்தது.

இந்திராதேவி விளக்கைக் கிட்ட இழுத்தாள்.

“தியாகு, இங்க வந்து பார். நாடு பத்தி எரியுது. இந்தாளின்ர கண்ணுக்குக் கீழ ஒரு கறுப்பு இல்லை. கல்யாணப் பொம்பிளைகூட இப்பிடி நித்திரை கொண்டிட்டு வாறேல்லை.”

“மெல்லக் கதையுங்கோ, அக்கா.”

“ஏன்? இவருக்குத் தமிழ் விளங்கப்போகுதோ?”

உயரமான மெய்க்காவலன் தன் கைபேசியை நீட்டினான். நேற்று எடுத்த படம். குழி விழுந்த கண்கள், சுற்றிவரக் கறுப்பு, ஒட்டிப்போன கன்னம்.

“இதே மாதிரி வேண்டும். அரை மணித்தியாலத்தில் பால்கனிக்கு வருகிறார்” என்றான் ஆங்கிலத்தில்.

இந்திராதேவி பிரஷ்ஷை மேசையில் எறிந்தாள்.

“களைச்ச மாதிரிக் கீறட்டாம்! வடிவாச் சாப்பிட்டு, வடிவா நித்திரையும் கொண்டிட்டு, சனத்துக்குக் காட்டக் கறுப்பு. கூத்தாடி கூத்தாடிதான். ஓடுறவனுக்கு நான் மை பூச மாட்டன்.”

“நாங்களும் ஓடி வந்த ஆக்கள்தானே, அக்கா.”

“நாங்கள் சனம், ஓடலாம். இந்தாள் ஓடினா அங்க மிச்சம் ஆர்?”

“என்ன சொல்கிறார்?” என்று மெய்க்காவலன் கேட்டான்.

தியாகலிங்கத்தின் வழுக்கைத் தலை வியர்த்தது. “வெளிச்சம் காணாதாம்” என்றார்.

அவன் ஓடிப்போய் அறையிலிருந்த எல்லா விளக்குகளையும் போட்டான். பிறகு இந்திராதேவிக்கு முன்னால் வந்து நின்றான். “மேடம், தயவுசெய்து. இது உயிர்ப் பிரச்சினை.” அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அது பூசிய களைப்பு இல்லை. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பிரஷ்ஷை எடுத்தாள். “கீறுறன். ஆனா ஏசி ஏசித்தான் கீறுவன்.”

அப்படியே செய்தாள். கண்ணுக்குக் கீழே ஊதாவும் சாம்பலும் கலந்து இழுத்தாள். “இது பங்கருக்குள்ள கிடக்கிற பெடியளுக்கு.” கன்னத்தில் நிழல் இறக்கினாள். “இது உன்னை நம்பிப் பிள்ளையை அனுப்பின தாய்மாருக்கு. விளங்குதோ, மடையா?”

கண்ணாடியில் அவருடைய உதடு ஒரு தடவை துடித்தது. சிரிப்பா, அழுகையா, அவளுக்குப் பிடிபடவில்லை.

பால்கனிக் கதவு திறந்ததும் மாசி மாதக் குளிர் அறைக்குள் பாய்ந்தது. கீழே பனியில் கமராக்கள், சலோராக் கொடிகள். அவர் கையை உயர்த்திப் பத்து நிமிடம் நின்றார். பாதிக் கூட்டம் அழுதது. மீதி “கோழை” என்று கத்தியது. உள்ளே வந்து நடுங்கிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். திரைகளை இழுத்து மூடினார்கள்.

யாரையும் வெளியே விடவில்லை. மெய்க்காவலர் இருவரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணித்தியாலம் போயிற்று.

கைபேசி அடித்தது. உயரமானவன் கேட்டான். அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து அழுதான். மற்றவன் சப்பாத்தோடு கட்டிலில் ஏறிக் குதித்தான். குதித்தபடியே தொலைக்காட்சியைப் போட்டான்.

நேரடி ஒளிபரப்பு. சலோராத் துறைமுகம், கொதிக்கும் வெயில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சனம். நடுவே ஒரு இராணுவ லொறியின் கூரையில் ஒலிவாங்கியோடு, அதே முகத்தோடு, ஒரு மனிதர். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை எந்தப் பிரஷ்ஷும் போட்டிருக்க முடியாது.

திரையின் அடியில் ஓடிய பிரெஞ்சு வரிகளைத் தியாகலிங்கம் தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னார்.

“நான் மொன்றியலில நிக்கிறன் எண்டு எதிரி நம்பிக்கொண்டிருக்கிறானாம்... அங்க சரியான குளிராம்... ஆராவது எனக்கு ஒரு கோட்டு அனுப்பிவிடுங்கோ எண்டுறார், அக்கா!”

துறைமுகம் முழுவதும் சிரித்த சிரிப்பில் தொலைக்காட்சி அதிர்ந்தது.

இந்திராதேவி மெதுவாக நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அங்கே இருந்தவர் கண்ணுக்குக் கீழே இருந்த மையை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தாள் நேற்றே சரக்கு விமானத்தில போயிட்டுது, அக்கா. நான் அருமைநாதன், டோர்வல் எயார்போர்ட்டில பிளேனுக்குப் பெட்டி ஏத்திறனான், முகம் ஒரேமாதிரி எண்டு பிடிச்சுக்கொண்டு வந்தவை, நீங்கள் ஏசினது ஒண்டுவிடாமல் விளங்கினது” என்றவர், அவள் பவுடர் டப்பாவை ஓங்குவதற்குள் குளியலறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டார்.