ஐம்பது சதவீதம் டிஸ்டிங்ஷன்

வரலாறு ஆனர்ஸ் வகுப்பில் மொத்தமே ரெண்டு பேர்தான். திவ்யா முதல் ரேங்க். கஸ்பார் கடைசி ரேங்க்.

ரெண்டாவது ரேங்க் என்று சொன்னால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் இராமகிருஷ்ணன் சார் மூணு வருஷமும் 'கடைசி ரேங்க்' என்றேதான் சொன்னார். அவர்தான் துறைத்தலைவர். துறையில் வேறு ஆளும் கிடையாது.

இன்றைக்குப் பாராட்டு விழா. டெலானிபூர் மேட்டில் அந்தச் சின்னக் கல்லூரியின் வாசலில் பேனர் தொங்கியது: 'ஆனர்ஸில் ஐம்பது சதவீதம் டிஸ்டிங்ஷன்!' பேனர் முழுக்க திவ்யா படம். மிச்ச ஐம்பது சதவீதத்துக்குப் படம் இல்லை.

திவ்யாவின் அப்பா வெள்ளைச்சாமி கச்சால் தீவிலிருந்து கப்பலில் வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மகளை மெயின்லேண்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்க அவரால் ஆகாது. இங்கே ஆனர்ஸ் இருந்ததால்தான் அவள் கையில் மெடல். இல்லையென்றால் ரப்பர் வெட்டும் கத்திதான்.

"திவ்யா!"

கஸ்பார். ஜங்லிகாட் ஜெட்டியிலிருந்து நேரே வந்திருந்தான். பேண்ட்டில் மீன் செதில். கையில் பாலித்தீன் பை.

"மெடல் வாங்குறியே, சும்மா எப்படி வர்றது? சூரை மீன். இப்பத்தான் கரைக்கு வந்துச்சு."

"ஐயோ, இந்தக் கோலத்துலயாடா வருவே? போட்டோ எடுக்குறாங்க!"

"அரே, நான் போட்டோவுல நிக்கல. பின்னாடிதான் நிப்பேன்."

வெள்ளைச்சாமி பையை வாங்கிக்கொண்டார். அவன் நகர்ந்ததும், "யாரும்மா அந்தத் தம்பி?" என்றார்.

"கூடப் படிச்சவன்ப்பா. படிச்சவன்னு சொல்ல முடியாது. கிளாஸ்ல தூங்கினவன்."

அது உண்மைதான். சுனாமி நிவாரணத்தில் கிடைத்த டிங்கிப் படகில் ராத்திரி பூரா கடலில் கிடப்பான். கரையேறியதும் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் சாய்வான். அந்த பெஞ்சுக்கு மேலே இருந்த ஃபேன் சுற்றியதே இல்லை. வேர்த்து வேர்த்துத் தூங்குவான். அட்டெண்டன்ஸுக்கு மட்டும் கண்ணைத் திறக்காமலே "எஸ் சார்" என்பான். ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

திவ்யாவுக்கு அதுதான் எரிச்சல். ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டேவிட்டாள்: "படிக்கலைன்னா நின்னுடேன்டா. மீன் நாத்தத்தோட வந்து எதுக்கு என் கிளாஸ் மானத்தை வாங்குறே?"

"வீட்டுல ஒரே சத்தம். இங்கே சார் பாடம் நடத்தினா நல்லா தூக்கம் வருது" என்று இளித்தான்.

விழா ஆரம்பித்தது. சால்வைகளை விட்டுவிடலாம், அது எல்லா ஊரிலும் ஒன்றுதான். இராமகிருஷ்ணன் சார் மைக்கைப் பிடித்தார்.

"ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார். ஒருத்தி தங்கம், ஒருத்தன் தகரம்! என்ன காரணம்? ஒழுக்கம்! இவனை மாதிரிப் பசங்க ஒரு சீட்டை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதாலதான் நம்ம காலேஜ் முன்னேறல!"

ரெண்டு பேர் படித்த வகுப்பில் முப்பது பெஞ்சு கிடந்ததை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கஸ்பாரும் தட்டினான். வெள்ளைச்சாமி மட்டும் தட்டவில்லை. கையில் மீன் பை.

அடுத்து திவ்யா பேசினாள். "எப்படிப் படிக்கணும்னு சார்கிட்ட கத்துக்கிட்டேன். எப்படி இருக்கக் கூடாதுன்னு என் கிளாஸ்மேட்கிட்ட கத்துக்கிட்டேன்."

அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

விழா முடிந்ததும் கழுத்தில் மெடலோடு சாரிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனாள். அவர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சார் குரல். மேடையில் கேட்ட குரல் இல்லை. குழைந்துகொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதே பேட்டா. மேடைன்னா அப்படி நாலு வார்த்தை பேசணும்ல?"

"பரவால்ல சார்." கஸ்பார்தான்.

"விஷயம் என்னன்னா... இந்த வருஷமும் ஒரே ஒரு அட்மிஷன்தான் வந்திருக்கு. ஆக்சிலியான்னு ஒரு பொண்ணு. ரெண்டு பேர் இல்லேன்னா ஆனர்ஸையே மூடிடுவாங்க. என்னைத் தூக்கி வடக்குக் கோடியில திக்லிபூர்ல போட்டுடுவாங்கப்பா!"

"அதுக்கு?"

"அன்னைக்கு திவ்யா ஒருத்தி மட்டும் சேர்ந்திருந்தப்போ ஜெட்டிக்கே வந்து உன்னைக் கேட்டேன். தட்டாம வந்து மூணு வருஷம் உக்காந்தே. இன்னொரு மூணு வருஷம், மறுபடியும் முதல் வருஷத்துலேருந்து... நீ படிக்க வேணாம், பாஸ் பண்ண வேணாம். வந்து 'எஸ் சார்' மட்டும் சொல்லு. போதும்."

மெடல் கதவில் இடித்துச் சத்தம் போட்டுவிடாமல் திவ்யா அதைக் கையில் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு படிக்குமா சார்?"

"அப்படியே திவ்யா மாதிரிப்பா."

"வாயும் அப்படியேவா?"

"வாயும்தான்."

"டீக் ஹே சார், வர்றேன். கடைசி பெஞ்சு ஃபேனை மட்டும் ரிப்பேர் பண்ணி வைங்க."