நூற்று ஐம்பத்தைந்து சதவீத வட்டி

வங்கி வாசலில் இருந்த ஏ.டி.எம். திரையில் காலையிலிருந்து ஒரு புது அறிவிப்பு ஓடியது. ‘டெபாசிட்டுக்கு 155 சதவீத வட்டி.’ எழுதியது யாரென்று ஊழியர்கள் யாருக்கும் பிடிபடவில்லை. அதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மேனேஜர் அம்மாள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“சார், மெஷினுக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க. மேல்மூடிப் பூட்டை மாத்தச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. நாளைக்குப் பணம் போனா என் வேலையும் போயிடும்.”

“இப்ப பணம் போச்சா?”

“இல்ல சார்.”

“போனாத்தாம்மா புதுப் பூட்டு. விதி அப்படி.”

“சரி சார். இங்க எல்லாரும் அந்த வட்டியைக் கேட்டு நிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?”

“வட்டியா? குடுத்துத் தொலைச்சிடாதீங்க! இதோ ஆள் அனுப்பறேன்!”

மதியத்துக்குள் மெக்கானிக் வந்து புதுப் பூட்டை மாட்டினார்.

“பழைய பூட்டு எல்லாத்துக்கும் ஒரே சாவிதான் மேடம். மூடியைத் திறந்தா உள்ளே சாதாரண கம்ப்யூட்டர். அது ‘தள்ளு’ன்னு சொன்னா, கீழே இருக்கற பெட்டி பணத்தைத் தள்ளிடும். அவ்வளவு தூரம் போனவன் ஒத்த நோட்டுகூட எடுக்கலையே, சரியான லூசு!”

“இருக்கும்,” என்றார் மேனேஜர்.

மாலையில் வீட்டில் கணவர் மேசையைக் குடைந்துகொண்டிருந்தார். “என் கீபோர்டை எங்க காணோம்?”

மேனேஜர் தன் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். “இதுல அஞ்சாம் நம்பர் கீ ஒட்டிக்குதுங்க. பதினஞ்சுன்னுதான் அடிச்சேன்.”

“எதை?”

“வட்டியை. பணம் திருடு போனாத்தான் பூட்டு மாத்துவோம்னாங்க. வட்டி அதிகமாக் குடுக்கணும்னதும் மதியத்துக்குள்ள மாத்திட்டாங்க.”